சட்டத்துக்கு முன் படித்த பாடங்கள்



ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது: "வக்கீலாக வேண்டும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம் என்கிறார்கள். எந்த டிகிரி படிப்பது?" "எதையாவது படி, டிகிரி இருந்தால் போதும்" என்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில். விதிப்படி அது சரியான பதில்தான். ஆனால் அந்த மூன்றாண்டுகள் ஒடுக்கப்பட்ட மக்களின் வழக்குகளில் என்ன வேலை செய்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பாபாசாகேபிலிருந்து தொடங்குவோம். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒவ்வொன்று. மொத்தம் 60. சட்டத்துக்கென்று இந்தப் பட்டியலில் தனி வரி இல்லை. இது முதுகலைக் காலத்துப் பட்டியல்தான்; ஆனால் அதற்கு முன் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் இளங்கலையில் அவர் படித்ததும் பொருளாதாரமும் அரசியலும்தான். லண்டன் கிரேஸ் இன்னில் அவர் சேர்ந்தது 1916-ல், பாரிஸ்டரானது 1922-ல்.

இந்தப் பாடங்கள் எங்கே பயன்பட்டன? மகாத் குளத்து வழக்கை எடுத்துக்கொள்வோம். 1927-ல் ஆதிக்க சாதியினர் தொடுத்த வழக்கு அது; அண்ணல்தான் பிரதிவாதி. தீண்டத்தகாதவர்களைக் குளத்தில் இறங்கவிடாதது நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வரும் வழக்கம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பத்தாண்டு இழுத்து, 1937 மார்ச்சில், அந்தத் தொன்மை நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'வழக்கம்' என்று ஒருவர் சொன்னால், 'எந்த ஆண்டிலிருந்து?' என்று திருப்பிக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை வரலாற்று வகுப்பில்தான் கற்றுக்கொள்கிறோம். சாதியின் தோற்றம் பற்றி 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானுடவியல் வகுப்பில் அவர் வாசித்த கட்டுரையும் மாணவர் ஒருவரின் வகுப்புக் கட்டுரைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

அவர் படித்த அந்த நாட்டில் கறுப்பின மக்களுக்கு இந்த முன்படிப்பு எப்படி அமைந்தது? இன்று அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலை முடித்த பிறகே சட்டப் பள்ளி. எந்தப் பாடம் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வரையறுப்பதில்லை. ஆனால் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்ற நிபந்தனை வந்த விதத்தைப் பார்க்கவேண்டும். எலிஹு ரூட் தலைமையிலான குழுவின் பரிந்துரையின்படி, சட்டம் படிக்க வருபவர் குறைந்தது இரண்டாண்டு கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று 1921-ல் அந்தச் சங்கம் தீர்மானித்தது. தரத்தை உயர்த்துவதாகச் சொன்னார்கள். உழைப்பாளிகளும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் மாலை நேரச் சட்டப் பள்ளிகளில் படித்து வக்கீல்களாகிக்கொண்டிருந்த காலம் அது. அதே சங்கம்தான், மூன்று கறுப்பின வழக்கறிஞர்களைத் தெரியாமல் உறுப்பினராக்கிவிட்டோம் என்று 1912-ல் கொந்தளித்தது. பிறகு விண்ணப்பத்தில் இனம் என்ன என்று கேட்கத் தொடங்கியது. கறுப்பின வழக்கறிஞர்கள் 1925-ல் தங்களுக்கென்று தேசிய வழக்கறிஞர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'தரம்', 'தகுதி' என்ற சொற்கள் எந்த நேரத்தில் உரக்க ஒலிக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

அடிமைத்தனத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இலக்கியமும் வரலாறும் எதற்கு, தச்சும் கொத்தும் போதாதா என்ற விவாதம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. புக்கர் டி. வாஷிங்டன் கைத்தொழில் கல்வி பக்கம் நின்றார். டுபாய்ஸ் 1903-ல் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். (1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் படிப்புத் திட்டத்தை நாம் குலக்கல்வி என்று எதிர்த்த காரணங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.) வாஷிங்டனின் பாதையில் பிழைப்பு இருந்தது, அதை நாம் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்கு ஆள் வந்தது டுபாய்ஸ் கேட்ட கல்வியிலிருந்துதான்.

அந்தக் கல்வியைத் தந்த கல்லூரிகள் ஏழைக் கல்லூரிகள். மிசூரியின் லிங்கன் கல்லூரி, உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டு 1866-ல் தொடங்கியது. டெக்சாஸின் வைலி கல்லூரியில் கவிஞர் மெல்வின் டால்சன் ஆங்கிலம் நடத்தினார், கூடவே விவாத அணியையும் வளர்த்தார். பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் தர்குட் மார்ஷல் விவாத அணியில் இருந்தார். அங்கே அவரோடு படித்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1929-ல் சமூகவியல் பாடத்துக்காக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்: நம் கல்லூரியில் ஆசிரியர்கள் எல்லோரும் வெள்ளையர்களாக இருப்பது சரியா? மாணவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின ஆசிரியர் வேண்டாம் என்றார்கள். மார்ஷலும் முதலில் அந்தப் பக்கம்தான் நின்றார், பிறகு மாறினார். ஒரு வகுப்புப் பயிற்சி அந்த மாணவர்களுக்கு அவர்களையே காட்டிக்கொடுத்தது. பின்னாளில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரின் கல்வியில் அதுவும் சேர்த்தி.

மார்ஷலின் ஆசான் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1915-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு ஆங்கிலம் கற்பித்து, ராணுவத்தில் இருந்து, பிறகுதான் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1929-ல் ஹோவர்டு சட்டப் பள்ளியின் பொறுப்பேற்று, மாலைப் பள்ளியாக இருந்ததை முழுநேரப் பள்ளியாக மாற்றினார். 1931-ல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. பகலில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு அது ஓர் இழப்பு. அந்த விலையை அவர் தெரிந்தேதான் கொடுத்தார் என்று நாம் கருதுகிறோம். எதிரி வைத்த அளவுகோலிலேயே வென்று காட்டவேண்டும் என்பது அவர் முடிவு.

இளங்கலை மதிப்பெண் பட்டியலின் வேலை இங்கேதான் வருகிறது. தனித்தனிக் கல்வி என்ற அநீதியை உடைக்க ஹூஸ்டன் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த இடம் மாநிலச் சட்டப் பள்ளிகள். அதற்கு மனுதாரரின் இளங்கலைப் படிப்பில் குறை சொல்ல இடமே இருக்கக்கூடாது. 'மதிப்பெண் போதவில்லை' என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நிறவெறி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேரிலாந்தில் டொனால்டு கெய்ன்ஸ் மர்ரே ஆம்ஹர்ஸ்ட் பட்டதாரி. ஹூஸ்டனும் மார்ஷலும் வாதாடி 1935-ல் அவருக்கு இடம் வாங்கினார்கள். ஓக்லஹோமாவில் ஏடா லோயிஸ் சிப்புயெல் விண்ணப்பித்தபோது, படிப்பில் குறையில்லை, இனம் மட்டுமே தடை என்று பல்கலைக்கழகத் தலைவரே 1946-ல் எழுதிக் கொடுத்தார். டெக்சாஸில் ஹெமன் ஸ்வெட் வைலி கல்லூரிப் பட்டதாரி, தபால்காரராக வேலை பார்த்தவர். 1950-ல் உச்சநீதிமன்றத்தில் வென்றார்.

இவற்றில் நம் மனதை விட்டு நீங்காதது மிசூரி வழக்கு. லாயிட் கெய்ன்ஸ், படைவீரர்கள் தொடங்கிய அந்த லிங்கன் கல்லூரியில் வரலாறு படித்து 1935-ல் பட்டம் பெற்றவர். மிசூரி சட்டப் பள்ளி அவரை மறுத்தது. பக்கத்து மாநிலத்தில் படித்துக்கொள், கட்டணம் தருகிறோம் என்றது. ஆனால் லிங்கனில் அவர் படித்தவை சேர்க்கைக்குப் போதுமானவை என்பதை எதிர்த்தரப்பே விசாரணையில் ஒப்புக்கொண்டது. தகுதிக் கணக்கு அத்தோடு முடிந்தது. நீதிமன்றத்தின் முன் மிஞ்சியது தோலின் நிறம் மட்டுமே. 1938 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கெய்ன்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஆகவே பி.ஏ. வரலாறோ பொருளாதாரமோ கிடைத்திருக்கிற மாணவர், 'கிடைத்தது இதுதான்' என்று சோர்ந்து உட்கார வேண்டியதில்லை. வாரம் ஒரு கட்டுரையாவது சொந்தமாக எழுதுங்கள். எழுதியதை வகுப்பில் வாசித்து எதிர்வாதம் கேளுங்கள். அரசாணையையும் வரவுசெலவு அறிக்கையையும் உரை இல்லாமல் மூலத்திலேயே படித்துப் பழகுங்கள். ஆங்கிலத்துக்கு அஞ்சி ஒதுங்கவேண்டாம். உயர்நீதிமன்ற வாதங்கள் இன்னும் அதில்தான் நடக்கின்றன.

தீர்ப்புக்குப் பிறகு மிசூரி அரசு கெய்ன்ஸைத் தன் சட்டப் பள்ளியில் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று செயின்ட் லூயிஸில் தனியாக ஒரு சட்டப் பள்ளியை அவசரமாகத் திறந்தது. அது 1939 செப்டம்பரில் தொடங்கியபோது கெய்ன்ஸ் இல்லை. அந்த மார்ச் மாதம் சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. 2006-ல் மிசூரி பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவச் சட்டப் பட்டம் வழங்கியது.