பட்டியலில் பெயர் இல்லாதபோது: நடராஜனும் தீபாவும்

ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் பழையவை. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டே பேசும் குடும்பங்களைப் பார்க்கலாம். "டீம்ல இருந்து எடுத்துட்டாங்கம்மா" என்று பிள்ளை சொன்னதும் பெரியவர்கள் வாயில் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அந்த மாஸ்டர் ஆள் பார்த்துத்தான் எடுப்பார், விடு." இன்னொன்று, "நீ ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணியிருந்தா எடுப்பாங்களா?" ஏன் எடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன்பே இரண்டில் ஒன்று வந்துவிடுகிறது.

இந்த இரண்டு பதில்களையும் இரண்டு விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் இந்த மலைக்குக் கீழே இருக்கும் சின்னப்பம்பட்டிக்காரர், கிரிக்கெட் வீரர் நடராஜன். மற்றவர் திரிபுரா மாநிலம் அகர்தலாவைச் சேர்ந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர். அணியிலிருந்து விலக்கப்பட்டபோது இருவருமே வளர்ந்தவர்கள். ஆனால் காரணம் தெளிவாகத் தெரிவதால், பதினோரு வயதுப் பிள்ளையின் விஷயத்தில் நமக்குப் புலப்படாதது இவர்களிடம் புலப்படுகிறது.

நடராஜனின் அப்பா தறி வேலை பார்த்தவர்; அம்மா சாலையோரம் சிக்கன் கடை போட்டவர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையனைச் சென்னைக்கு அழைத்துப்போய் லீக் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டின் ரஞ்சி அணியில் நடராஜன் முதன்முதலாக ஆடினார். அந்த ஆட்டத்திலேயே அவர் பந்து வீசும் முறை மீது புகார் எழுந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் மடங்கி நீண்டால் அது வீச்சு அல்ல, எறி. தெருவில் இதை 'மாங்கா' என்போம். இருபத்து மூன்று வயதில், மாநில அணியில் ஆடிய முதல் ஆட்டத்தோடு அவர் வெளியே வந்தார்.

அப்போது ஊரார் "கிராமத்துப் பையன்னு ஒதுக்கிட்டாங்க" என்று சொல்லியிருந்தால் நெஞ்சுக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் கை திருந்தாமல் அப்படியே மடங்கிக்கொண்டிருந்திருக்கும். நடந்தது வேறு. முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்ட பயிற்சியாளர்கள் அவருடைய வீச்சைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார்கள். ஓடிவரும் விதம், கை மேலே போகும் விதம் எல்லாம் மாறவேண்டியிருந்தது. வருடக்கணக்காக உடம்பில் ஊறிய ஓர் அசைவை மறக்கச் செய்வது எவ்வளவு கடினம் என்பது ஒரு பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர்களுக்குக்கூடத் தெரியும். ஜெயப்பிரகாஷ் கூடவே நின்றார். திருத்திய கையோடு 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடினார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

அதற்குப் பிறகும் அவர் உட்கார வைக்கப்பட்டார் என்பது பலருக்கு நினைவில்லை. 2018, 2019 இரண்டு ஐபிஎல்லிலும் ஹைதராபாத் அணியில் இருந்தும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020 ஐபிஎல்லில் 16 விக்கெட். அந்த ஆண்டு இறுதியில் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

இப்போது அகர்தலா. தட்டைப் பாதம் கொண்ட சிறுமியாக ஜிம்முக்குள் வந்த தீபாவைப் பயிற்சியாளர் பிஷ்வேஸ்வர் நந்தி வளர்த்தெடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் நான்காம் இடம். வெண்கலம் தவறியது 0.15 புள்ளியில். பிறகு முழங்கால் காயம், அறுவை சிகிச்சை. தடைசெய்யப்பட்ட ஹைஜெனமின் என்ற பொருள் 2021-ல் எடுத்த மாதிரியில் தெரியவந்ததால் 21 மாதத் தடை. தெரியாமல் உட்கொண்டதாக அவர் சொன்னார். தடை 2023 ஜூலை 10-ல் முடிந்தது. சில நாட்களிலேயே நடந்த ஆசிய விளையாட்டுத் தேர்வுப் போட்டியில் அவர்தான் முதலிடம். ஆனாலும் ஆசிய விளையாட்டு நடக்கவிருந்த ஹாங்சோவுக்குப் போகும் அணியில் அவர் பெயர் இல்லை. கடந்த 12 மாதங்களில் இன்ன தரத்தில் போட்டியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்த மாதங்களில் அவர் தடையில் இருந்தார்.

இங்கே திருத்த என்ன இருக்கிறது? முதலிடம் வாங்கிய பெண்ணிடம் "இன்னும் உழைக்கணும்" என்று யாராவது சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய காயம் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது, நடந்தது விதியால், திறமைக் குறைவால் அல்ல என்று தெளிவாகச் சொல்லும் ஒருவர். அடுத்த நாளும் ஜிம்முக்குப் போகும் காரணம் குலையாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவர். நந்தி அவரோடு இருந்தார். 2024 மே மாதம் தாஷ்கண்டில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம், அந்தப் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கம், முப்பது வயதில் தீபாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் ஓய்வு பெற்றார்.

ஏரிக்கரைப் பதில்களை இங்கே பொருத்திப் பாருங்கள். "ஆள் பார்த்து எடுக்கிறாங்க" என்பது நடராஜனைக் கெடுத்திருக்கும். "ஒழுங்கா பண்ணியிருந்தா" என்பது தீபாவை உடைத்திருக்கும். இரண்டு பதிலும் அன்பில் சொல்லப்படுபவைதான். காரணம் தெரியாமல் சொல்வதால் தப்பான பிள்ளையிடம் போய்ச் சேருகின்றன.

இரண்டிலும் அடங்காத ஒரு வகையும் ஜிம்னாஸ்டிக்ஸில் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் உயரம் கூடும்போது, நேற்றுவரை எளிதாக வந்த சுழற்சி இன்று வராது. அது குற்றமும் இல்லை, அநீதியும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் காத்திருக்கச் சொல்ல வேண்டும். வேறு பிரிவு, வேறு விளையாட்டு என்று யோசிக்கவும் இடம் கொடுக்க வேண்டும். பின்னாளில் உச்சம் தொட்ட அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ்கூட 2011-ல் ஜூனியர் தேசிய அணியை ஒரே ஓர் இட வித்தியாசத்தில் தவறவிட்டவர். ஆனால் எல்லாப் பிள்ளையும் பைல்ஸ் ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திரும்பி வந்தவர்களின் கதைகளைச் சொல்லி, திரும்பி வந்தே ஆகவேண்டும் என்ற சுமையைப் பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது.

விடுதிப் பிள்ளைக்கு இது இன்னும் கடினம். வீட்டுப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். விடுதியில், மலைக் குளிரில் விடிவதற்குள் மற்றவர்கள் பயிற்சிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பும் சத்தத்தைப் போர்வைக்குள் கிடந்து கேட்க வேண்டும். அழுதால் பத்துப் பேர் பார்ப்பார்கள். அம்மா அப்பாவோ இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே.

ஆகவே பெற்றோருக்கு: முதல் நாள் எதுவும் சொல்லாமல் பிள்ளை பேசுவதை முழுக்கக் கேளுங்கள். பிறகு பயிற்சியாளரிடம், சண்டைக்கு அல்ல, காரணத்துக்காகப் பேசுங்கள். பள்ளிகளுக்கு: பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன், பெயர் இல்லாத பிள்ளையைத் தனியே அழைத்து ஏன் என்று சொல்லுங்கள், வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். மறுநாள் காலைப் பயிற்சிக்கு அந்தப் பிள்ளையையும் எழுப்புங்கள்.