கத்தி நிற்க வேண்டிய எல்லை

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில், தாம்பரத்தை அடையுமுன் நிற்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையின் நினைவு அது. காசநோய்க்குத் தாம்பரம் என்றால், புற்றுநோய்க்கு அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரும்பாட்டால், 1954இல் 12 படுக்கைகளோடு அங்கே புற்றுநோய் நிலையம் தோன்றிற்று.

மெலனோமா எனும் தோற்புற்று நம்மவரிடம் அரிது. வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலில் கரும்புள்ளியாய்த் தோன்றும். காலாணியென்று எண்ணிப் பிளேடால் சீவிக் காலங்கடத்துவோர் உண்டு. இறுதியில் மருத்துவரை அணுகும்போது அவர்கள் கேட்பது ஒன்றே: “எவ்வளவு வெட்டுவீர்கள், ஐயா?”

இக்கேள்வி தொன்மையானது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவையடுத்த ஸஹ்ராவில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, புற்று சிறிதாயிருக்கையிலேயே அதை அடியோடு அகற்ற இயலும் என்றும், முற்றியதைத் தாம் குணப்படுத்தியதில்லை என்றும் ஒளிவின்றி எழுதிவைத்தார். 1907இல் இலண்டன் மருத்துவர் ஹாண்ட்லி, இறந்த ஒரே நோயாளியின் உடலில் கண்டதைக் கொண்டு, அகல வெட்டவேண்டும் என்றார். பின்னர் பல்லாண்டுகள், புற்றைச் சுற்றி 5 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அறுப்பதே விதியாயிற்று. ஓர் உடலின் சான்று எண்ணற்ற உடல்களுக்குச் சட்டமானது!

1970இல் அமெரிக்க மருத்துவர் பிரெஸ்லோ, புற்றின் தடிப்பை நுண்ணோக்கியில் மில்லிமீட்டரில் அளந்து, அபாயத்தை உரைக்கும் அளவுகோல் அதுவே எனக் காட்டினார். 1988இல் இத்தாலிய மருத்துவர் வெரோனேசி குழுவினர், 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத புற்றுடைய 612 பேரை ஆராய்ந்து வெளியிட்டனர். 1 சென்டிமீட்டர் விளிம்போடு அறுக்கப்பட்டோரும் 3 சென்டிமீட்டர் விளிம்போடு அறுக்கப்பட்டோரும் உயிர்பிழைத்ததில் வேறுபாடில்லை.

ஆகவே இன்று முதலில் சதையெடுத்துச் சோதிக்கின்றனர்; பின்னரே எல்லை வகுக்கின்றனர். தடிப்பு 1 மில்லிமீட்டர்வரை எனில் விளிம்பு 1 சென்டிமீட்டர். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர்.

உள்ளங்காலில் ஒரு சென்டிமீட்டர் சிறிதன்று. நடையே அதைப் பொறுத்தது. கத்தியின் எல்லையை வகுப்பவர் மருத்துவர் மட்டுமல்லர். நாம் கடத்தும் நாட்களும் வகுக்கின்றன. நாள்தோறும் ஒளுச் செய்கையில் கழுவும் பாதத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். வளரும் கரும்புள்ளி கண்டால், பிளேடை வைத்துவிட்டு மருத்துவரிடம் விரைவோம்.