கடுநோயும் குருதிச் சீனியும்: மலையகத் தோட்ட மருத்துவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

காய்ச்சலுற்ற குழந்தையின் குருதியிற் சீனி உயர்ந்திருப்பின் அது எதனைக் குறிக்கும்? இவ்வினாவுக்கான விடை மருத்துவ நூலில் மட்டுமன்றி, வைத்தியசாலை அமைந்துள்ள தூரத்திலும் தங்கியுள்ளது என்பதை மலையக வரலாறு உணர்த்துகின்றது.

1849 இல் பிரான்சிய உடற்றொழிலியலாளர் குளோட் பெர்னாட், முயலின் மூளையடியைக் குத்தியபோது அதன் சிறுநீரிற் சீனி தோன்றக் கண்டார். கடுநோயின்போது அத்திரீனலின், கோட்டிசோல் முதலிய ஓமோன்கள் பெருகி ஈரலிலிருந்து சீனியை வெளியேற்றுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. நோய் தணிய, அவ்வுயர்வும் பெரும்பாலும் தணியும். குழந்தைப்பருவ நீரிழிவோ அத்தகையதன்று. இதிற் சதையியின் இன்சுலின் சுரக்குங் கலங்கள் அழிகின்றன. தாகம், மிகுசிறுநீர், மெலிவு என்பவற்றைத் தொடர்ந்து வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் தோன்றும். இன்சுலின் கிடையாவிடின் மரணமே முடிவு. 1922 சனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டதோடு அம்முடிவு மாறத் தொடங்கிற்று.

அவ்வாண்டில் நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களின் நிலை யாது? 1872, 1880, 1912 ஆம் ஆண்டுகளின் கட்டளைச்சட்டங்கள் தோட்ட மருத்துவத்துக்கு வழிவகுத்திருந்தன. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பியக்கமும் இலங்கையில் ஆரம்பமாயிற்று. பலரை ஒருங்கே தாக்கி உழைப்பைக் குறைக்கும் நோய்களே இவற்றின் முதன்மை இலக்கு எனலாம். லயத்து அறையொன்றில் ஒரு குழந்தையைத் தனித்துப் பற்றும் நோயைக் காண்பதற்கு அவ்வமைப்பு உருவாக்கப்படவில்லை. ஆழ்ந்த மூச்சைச் சளிச்சுரமென்றும் வாந்தியை வயிற்றுக்கோளாறென்றும் கருதுதல் எளிது. அவ்விடத்துச் சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலிற் சூடாக்கிப் பார்த்தலே ஐயத்தைக் கிளப்பப் போதுமானது. சோதனை மலிவானதே; அதனைச் செய்யவேண்டுமென்ற எண்ணமே அரிதானது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் பல படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. இந்திய உதவியுடன் அமைந்த டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் 2017 இல் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே.

எனினும், கட்டடம் மட்டும் இந்நோய்க்கு மருந்தாகாது. நீரிழிவுடைய குழந்தைக்கு இன்சுலின் நாள்தோறும், ஆயுள் முழுவதும் வேண்டும். அதன் கையிருப்பு 2 முதல் 8 பாகை செல்சியசிற் பேணப்படல் வேண்டும். கடுநோயின்போது சீனி உயர்ந்த குழந்தை, நோய் தணிந்தபின் மீண்டுஞ் சோதிக்கப்படல் வேண்டும். கொழுந்தெடுக்குந் தாய் ஒருநாட் சம்பளத்தை இழந்து மலையிறங்கினாலன்றி இச்சோதனை நிகழாதெனின், முதல் வினா இன்றும் விடையின்றியே நிற்கும். உழைப்பாளரைக் காக்க எழுந்த மருத்துவம், உழைக்கும் வயதடையாத குழந்தையையும் தேடிச் செல்லும்போதே நிறைவெய்தும்.