குரு நானக் மலாக்காவுக்கு வந்தாரா?

மே மாதக் கடைசியில் மலாக்கா நகரில் ஜாலான் தெமெங்கோங் பக்கம் போயிருக்கிறீர்களா? சாலை முழுக்கத் தலைப்பாகைகளாக இருக்கும். மலேசியாவின் பல மாநிலங்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் சீக்கியர்கள் அங்குள்ள குருத்வாராவுக்கு வருகிறார்கள். அந்த குருத்வாராவில் பல காலம் சேவை செய்து, 1972 மே மாதம் மறைந்த சந்த் பாபா சோகன் சிங்கின் நினைவுநாள் அது. 'பர்சி' என்பார்கள். நம்ம வழக்கில் குருபூஜை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் உள்ளே போய்ச் சாப்பிட்டிருக்கலாம். சீக்கியர் கடைகளிலும் வீடுகளிலும் மாட்டியிருக்கும் ஒரு படத்தையும் பார்த்திருப்பீர்கள். மரத்தடியில் வெள்ளைத் தாடியுடன் ஒரு பெரியவர், பக்கத்தில் நரம்பு வாத்தியத்துடன் ஒருவர், விசிறிக்கொண்டு இன்னொருவர். நடுவில் இருப்பவர்தான் குரு நானக். அவர் நடந்த தூரத்தைப் பற்றியதுதான் இந்த விளக்கம்.

கணக்குப்பிள்ளை மகன்

நானக் பிறந்தது 1469-இல், தல்வண்டி என்ற ஊரில். இன்று அது பாகிஸ்தானில் இருக்கும் நன்கானா சாஹிப். அப்பா ஊர் நிலக் கணக்கு எழுதுபவர். நானக்கும் சுல்தான்பூரில் தானியக் கிடங்குப் பொறுப்பில்தான் இருந்தார். ஒரு நாள் ஆற்றில் குளிக்க இறங்கியவர் மூன்று நாள் காணவில்லை என்றும், திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார் என்றும் சீக்கிய மரபு சொல்கிறது. அதற்குப் பிறகு, ஏறக்குறைய 1500 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம்தான்.

வாத்தியக்காரர் பெயர் மர்தானா. முஸ்லிம். கையில் இருப்பது ரபாப். குரு பாட, இவர் வாசிப்பார். விசிறுபவர் பெயர் பாலா. இப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா என்பதிலேயே ஆய்வாளர்கள் பலருக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் படத்தில் மட்டும் தவறாமல் இருப்பார்!

நான்கு திசை

இந்தப் பயணங்களை 'உதாசி' என்கிறார்கள். பற்றை விட்டுப் போவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். முதலில் கிழக்கே ஹரித்வார், காசி, அஸ்ஸாம், பூரி. அடுத்து தெற்கே இராமேஸ்வரம், இலங்கை. பிறகு வடக்கே இமயமலை. கடைசியாக மேற்கே மெக்கா, பாக்தாத். இதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரிசை.

ஹரித்வார் கதை நமக்குச் சட்டென்று புரியும். கங்கையில் இறங்கிய மக்கள், முன்னோர்களுக்காகச் சூரியனைப் பார்த்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். நானக் மட்டும் மேற்கே திரும்பி இறைக்கிறார். என்னப்பா செய்கிறாய் என்று கேட்டால், பஞ்சாபில் என் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். வேறு உலகத்துக்கே இந்தத் தண்ணீர் போகும் என்றால், பக்கத்தில் இருக்கும் பஞ்சாபுக்குப் போகாதா என்று திருப்பிக் கேட்கிறார். திதி, தர்ப்பணம் என்று வளர்ந்த வீடுகளில் இந்தக் கதையைச் சொன்னால் கொஞ்சம் நெளிவார்கள்தான். ஆனால் நம் சித்தர்களும் இதைவிடக் காரமாகவே கேட்டிருக்கிறார்கள்.

தெற்குப் பயணம்தான் தமிழர்களுக்கு நெருக்கமானது. இராமேஸ்வரத்தில் இன்றும் குருவின் பெயரில் ஒரு குருத்வாரா இருக்கிறது. இலங்கையில் சிவநாபன் என்ற அரசனை அவர் சந்தித்ததாகக் கதை உண்டு. மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள குருக்கள்மடம்தான் அவர் தங்கிய இடம் என்று சில சீக்கிய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். அங்கு வாழ்பவர்கள் தமிழர்கள்.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா?

நியாயமான கேள்வி. பயணக் கதைகளில் பெரும்பாலானவை 'ஜனம்சாகி' என்ற நூல்களில் உள்ளன. அவை குரு 1539-இல் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து பக்தர்கள் எழுதியவை. ஒன்றில் இருக்கும் ஊர் இன்னொன்றில் இருக்காது. பாய் குர்தாஸ் என்ற பழைய சீக்கிய அறிஞர் மெக்காவையும் பாக்தாத்தையும் சொல்கிறார், இலங்கையைச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் டபிள்யூ. எச். மெக்லியோட் 1968-இல் வெளியிட்ட நூலில், இந்தக் கதைகளில் பெரும்பகுதியை வரலாறாக ஏற்க முடியாது என்று எழுதினார். சீக்கிய அறிஞர்கள் பலர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

என்னைக் கேட்டால், குருவின் சொந்தப் பாடல்கள்தான் வலுவான சான்று. பாபரின் படையெடுப்பில் பஞ்சாப் மக்கள் பட்ட துயரத்தை அவர் பாடியிருக்கிறார். அதில் பார்த்தவரின் கோபம் இருக்கிறது. குரு கிரந்த் சாஹிப்பில் அவருடைய பாடல்கள் 974 இருப்பதாகக் கணக்கு. நடந்த பாதையில் சந்தேகம் வரலாம், பாடல்கள் கையில் இருக்கின்றன.

சரி, மலாக்கா?

அந்த நான்கு திசைப் பட்டியலில் மலாக்கா இல்லை. வரவே முடியாத இடமும் இல்லை. அவர் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் கப்பலில் இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்.

குரு வரவில்லை, அவருடைய பாடல்கள் வந்தன. அதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 1873-இல் கேப்டன் ஸ்பீடி லாருட் சுரங்கப் பகுதிக்கு வட இந்திய ஆட்களைத் திரட்டி வந்தார். அவர்களில் சீக்கியர்களும் இருந்தார்கள். பின்னர் போலீஸ், காவல், மாட்டுவண்டி, பால் வியாபாரம் என்று பரவினார்கள். நம்மவர்கள் வந்த வழி வேறு. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகான். மலாக்காவின் தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழர்கள் பால்மரம் வெட்ட வந்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், சீக்கியர்களை 'வங்காளி' என்பார்கள். அவர்கள் பஞ்சாபிகள். கல்கத்தா துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்ததால் இங்கே ஒட்டிக்கொண்ட பெயர் அது. சீக்கியர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு சொல்லால் நம்மைக் கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான்.

இன்னொரு சின்னத் தகவல். குருவின் பிறந்தநாளைக் கார்த்திகைப் பௌர்ணமியில் கொண்டாடுகிறார்கள். ஆனால் பழைய நூல்கள் சில சித்திரை வைகாசிப் பக்கம் சொல்கின்றன. வட இந்தியப் பஞ்சாங்கம் வேறு என்பதால் நம் திருக்கார்த்திகையோடு எல்லா ஆண்டும் சேராது. 2023-இல் ஒரு நாள்தான் இடைவெளி.

ஜாலான் தெமெங்கோங் குருத்வாராவுக்குப் போக விசேஷ நாள்தான் வேண்டும் என்பதில்லை. செருப்பை வெளியே விட்டு, தலையில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். சிகரெட் உள்ளே கூடாது. லங்கர் நடக்கும் நேரமென்றால் எல்லோரோடும் வரிசையில் உட்காருங்கள், உங்கள் சாதி, மதம் யாரும் கேட்கமாட்டார்கள். சப்பாத்தி வரும்போது இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்குங்கள். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள்.