ஒரு திண்ணைக்கு எத்தனை பேர்?

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதின்மூன்று பிள்ளைகள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருச்சிராப்பள்ளிச் சீமையில் சராசரிக் கணக்கு அதுதான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில், உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொரு கலெக்டரிடமும் கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு திருச்சியிலிருந்து போன பதிலில் 790 பள்ளிகளும் 10,331 மாணவர்களும் இருந்தார்கள். மாகாணம் முழுவதற்கும் கூட்டியபோது 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 பிள்ளைகள். அங்கே பள்ளிக்குப் பதினைந்து விழுகிறது.

பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அந்தத் திருச்சி ஜில்லாவுக்குள்தான் இருந்தன. 1995-இல்தான் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002-இல் மறுபடி சேர்ந்தது, 2007-இல் திரும்பப் பிரிந்தது. கழித்தலும் கூட்டலும் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல.

இன்று ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ டிகிரி முடிக்கும் ஒருவர் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிக்க நினைத்தால், அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுத வேண்டும். எம்.இ., எம்.டெக். என்றால் 2023 முதல் சீட்டா என்ற தனித் தேர்வு. மூன்று வருடம் கணக்குப் பக்கமே போகாத பி.ஏ., பி.காம். பட்டதாரியை முதலில் மிரட்டுவது கணக்குப் பகுதிதான். சதவீதம், விகிதம், வேலையும் காலமும் எல்லாம் எட்டாம் வகுப்பில் படித்தவையே. ஆனால் நிமிடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் போட்டுப் பழக யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே சேர்வது, திருச்சியிலா, ஆன்லைனிலா, உள்ளூரில் வீட்டு மாடியில் எட்டுப் பேரை வைத்துச் சொல்லித்தரும் சாரிடமா என்ற விசாரிப்பு அங்கிருந்து தொடங்குகிறது. இந்த விசாரிப்புக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு.

திண்ணைப் பள்ளிக்கூடம் விடியும் முன்பே தொடங்கிவிடும். முதலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு 'வேத்தான்' என்று பெயர். பிந்தி வரவரப் பிரம்படி ஒவ்வொன்றாக ஏறும். எண்ணிக்கைப் பாடம் அங்கேயே, உள்ளங்கையில் ஆரம்பித்துவிடுகிறது. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். நூல் என்று பார்த்தால் எண்சுவடி. அதில் பொன்னிலக்கம் காசுக்கு, நெல்லிலக்கம் தானியத்துக்கு, குழிமாத்து நில அளவைக்கு. எல்லாவற்றையும் சாயங்காலம் வரிசையாக நின்று 'முறை' சொல்ல வேண்டும். ஒருவன் முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வார்கள். பதின்மூன்று குரல்களில் எது தடுமாறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே வாத்தியாரால் சொல்லிவிட முடியும். ஐம்பது குரல்களில் அது நடக்காது.

நெல்லிலக்கத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. அடுத்து எட்டு நாழி ஒரு குறுணி. மறுபடி இரண்டிரண்டாக ஏறிப் பதக்கு, தூணி. கடைசியில் மூன்று தூணி ஒரு கலம். ஆக, ஒரு கலத்துக்கு 96 நாழி. இரண்டு, எட்டு, மூன்று என்று படிகள் மாறிக்கொண்டே போகும் இந்த ஏணியில் தடுக்கி விழாமல் ஏறி இறங்கத் தெரிந்த பையன்தான் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஏமாறமாட்டான். சொல்லிக் கொடுத்தவருக்கும் அதே களத்திலிருந்துதான் பெரும்பாலும் கூலி நெல்லாக வந்தது.

பின்னங்கள் இன்னும் நுட்பமானவை. இருபதில் ஒரு பங்கு மா, பதினாறில் ஒரு பங்கு மாகாணி. மாவை மாகாணியால் பெருக்கினால் 320-இல் ஒரு பங்கு, அதற்குப் பெயர் முந்திரி. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் இன்று முந்திரி என்றால் காடு காடாக நிற்கும் மரம்தான் நினைவுக்கு வரும். அது போர்ச்சுகீசியரோடு கடல் தாண்டி வந்த பயிர். கணக்கு முந்திரி அதைவிடப் பழையது. அந்த முந்திரியையும் 320-ஆகக் கூறுபோட்டுக் கீழ்முந்திரி என்றார்கள். ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு! காகிதம் இல்லாமல், கால்குலேட்டர் இல்லாமல், இதை வாயாலேயே பெருக்கியவர்கள் சின்னப் பிள்ளைகள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இந்தச் சுவடிகளை ஆராய்ந்த து. செந்தில்பாபு, நினைவாற்றலே அங்கே கற்கும் முறையாக இருந்தது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிடக் கூடாத விஷயம் இது.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் இன்னொரு வகை. பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்ல அதில் வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. பழம் இதற்குக் கட்டுப்படுகிறதா என்பதைப் பண்ருட்டிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் விகிதத்தைப் பிள்ளையின் நாக்கில் வைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தக் கோச்சிங் மெட்டீரியலிலும் கிடையாது.

திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மன்றோவின் கணக்கெடுப்பே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டதுதான். பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையின் நிழல்கூடக் கிடைக்கவில்லை. பதின்மூன்று என்ற எண்ணின் அழகில் மயங்குபவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திண்ணையில் வாத்தியாருக்கு வலக்கை சட்டாம்பிள்ளை. முந்திப் படித்தவன் பிந்தி வந்தவனுக்குச் சொல்லித்தருவான். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியில் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது, ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கும் மலிவான வழியாக! சின்னத் திண்ணையில் பிறந்த வழக்கம் பெரிய கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்.

ஆசிரியரைத் தேடிப் போவது எப்படி என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. உ.வே. சாமிநாதையரின் இளமைக் கல்வி அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இந்த வட்டாரத்தையே சுற்றி வந்தது. அரியலூரில் சடகோபையங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒருவர். ஒருவரிடம் உள்ளது முடிந்ததும், அடுத்தது யாரிடம் இருக்கிறது என்று தந்தை வேங்கடசுப்பையர் விசாரித்துக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு நகர்ந்தார். அவர் தேடியது தமிழ், கணக்கல்ல. ஆனால் விருத்தாசல ரெட்டியார் செய்த ஒரு காரியம் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். யாப்பிலக்கண நூலான காரிகையைச் சொல்லிக்கொடுத்தவர், இதற்கு மேல் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போவதே நல்லது என்று வழிகாட்டினார். தன் எல்லை எது என்று சொல்லும் ஆசிரியர் கிடைப்பது அன்றும் இன்றும் அரிது.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் கணக்குக்கு டியூஷன் பெரிய தொழிலாக இருந்தது. டிரைபாஸ் தேர்வில் முதலிடம் பெறுபவர் சீனியர் ராங்லர். அதற்குப் பல்கலைக்கழக விரிவுரை போதவில்லை, தனி ஆசிரியர் வேண்டியிருந்தது. எட்வர்ட் ரூத் என்பவரிடம் படித்தவர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்லர் ஆனார்கள். அவர் ஒரு நேரத்தில் உட்கார வைத்தது ஆறிலிருந்து பத்துப் பேர்! தரவரிசை வெளியிடும் வழக்கம் 1909-உடன் நின்றது, அந்தத் தொழிலும் மங்கியது.

அந்த டியூஷன் உலகத்தின் சரக்கு ஒன்று கும்பகோணம் வரை வந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே 1903 வாக்கில் ராமானுஜன் கையில் ஜி.எஸ். கார் எழுதிய தொகுப்பு கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள், விளக்கம் மிகக் குறைவு. கார் லண்டனில் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர், புத்தகம் அவர் மாணவர்களுக்காகச் சேர்த்த குறிப்பு. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு கோச்சிங் மெட்டீரியல்தான் ராமானுஜனை மூட்டிவிட்டது. பின்னாளில் சென்னையில் ராமானுஜனே டியூஷன் எடுத்துப் பார்த்தார், ஓடவில்லை. பாடத்திட்டத்துக்குள் நிற்க அவரால் முடியவில்லை.

இதற்கிடையே திண்ணைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் பரீட்சையும் வந்தன. 1957 ஏப்ரலில் ரூபாய் நூறு புதுக்காசானதும் வீசத்துக்கும் வேலை போனது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான ஓரணாதான் வீசம். பாட்டிகளின் வாயில் மட்டும் நாலணாவும் எட்டணாவும் மிஞ்சின.

கோச்சிங் என்ற சொல் இங்கே வீட்டுச் சொல்லானதற்கு நுழைவுத்தேர்வு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-இல் வந்த நுழைவுத்தேர்வு, மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2007-இல் சட்டப்படி ஒழிந்தது. பயிற்சி மையங்கள் இருந்த நகரங்களுக்கும், சோளமும் பருத்தியும் மட்டும் விளைந்த மானாவாரி ஊர்களுக்கும் இடையிலான தூரம் அந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் மதிப்பெண்ணாகவே தெரிந்தது. பத்தாண்டுகள் கழித்து அதே தூரம் வேறு பெயரில் வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். கணக்கில் 200-க்கு 200. நீட் தேர்வில் 86. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் மறைந்தபோது, பாடம் தெரிவதும் தேர்வுக்குப் பழகுவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்பது தமிழ்நாடு முழுவதற்கும் புரிந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெரம்பலூரில் ஒரு முயற்சி நடந்திருந்தது. ஆனந்த் குமார் என்ற கணக்கு ஆசிரியர் பாட்னாவில் ராமானுஜன் பெயரிலேயே ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருந்தார். 2002-இல் அங்கே ஏழைப் பிள்ளைகள் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஐ.ஐ.டி. தேர்வுக்குத் தயார் செய்யத் தொடங்கினார். அதுதான் 'சூப்பர் 30'. அதே பெயரில், தரேஸ் அகமது ஆட்சியராக இருந்தபோது, பெரம்பலூர் மாவட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு தொடங்கியது. கும்பகோணத்துக்காரரின் பெயர் பாட்னாவுக்குப் போக, அங்கிருந்து முப்பது என்ற எண் கொள்ளிடத்துக்கு வடக்கே திரும்பி வந்தது.

பின்தங்கிய மாவட்டம் என்ற முத்திரை இப்போது பழைய கதை. 2022 பிளஸ் டூ தேர்ச்சியில் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம், 97.95 சதவீதம். 2023-இல் பத்தாம் வகுப்பிலும் பெரம்பலூரே முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர். 2025 பிளஸ் டூவிலும் அரியலூர்தான், 98.82 சதவீதம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்துப் பள்ளிகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. ஆனால் தேர்ச்சி சதவீதம் கூட்டத்தின் கணக்கு. டான்செட் தரவரிசையில் ஒவ்வொருவரும் தனி ஆள்.

எனவே மையத்தைத் தேடிப் போகிறவர்கள், வாசலில் தொங்கும் பேனரில் சென்ற ஆண்டு முதலிடம் பிடித்தவரின் படத்தைப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். மாக் டெஸ்ட் எழுதியபின் தப்பான கணக்கை யார் உட்கார்ந்து பார்ப்பார், சாரா, சாப்ட்வேரா என்று கேளுங்கள். டெமோ வகுப்பில் முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பாதி வகுப்பில் சார் உங்கள் நோட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால், கட்டணம் எவ்வளவு என்ற பேச்சை அதன்பிறகு எடுங்கள்.