ஆறு விலகிய ஊருக்குத் தண்ணீர்

சென்ற வாரம் 1908-ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் வென்றார்கள். சில நாட்களிலேயே வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அதற்குப் பதிலடியாக வெள்ளை அரசு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவை ஊர்மக்கள் மீதே வரியாகச் சுமத்தியது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி நொறுங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சோர்வின் நடுவே, 1909-இல், தூத்துக்குடி நகராட்சித் தலைவர் நாற்காலியில் வந்து அமர்ந்தவர் குரூஸ் பர்னாந்து. அவர் கையில் எடுத்த காரியத்துக்குக் கொடியோ முழக்கமோ கிடையாது. ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதை அறிய இந்தக் கரையின் பழைய கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்ததால்தான் அதற்கு வாழ்வு. அந்த ஆறு கொண்டுவந்து தள்ளிய மண்ணால்தான் அதற்குச் சாவு. கடல் பின்வாங்க, வணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. அங்கும் மண் மேடிட்டது. பிறகு புன்னைக்காயல். போர்ச்சுக்கீசியர் காலத்தில் வணிகம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர, 1658-இல் டச்சுக்காரர் பிடித்தபோது தூத்துக்குடிதான் முத்துக்குளித்துறையின் தலைநகராக நின்றது. காரணம் எளிது. ஆற்று முகம் தெற்கே தள்ளியிருந்ததால் இங்கே வண்டல் வந்து அடைக்கவில்லை. முயல் தீவும் வான் தீவும் மற்றத் தீவுகளும் அலையைத் தடுத்துக் கொடுத்தன. தோணிகள் ஒதுங்க இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை.

ஆறு இல்லாததால் துறைமுகம் பிழைத்தது. அதே காரணத்தால் ஊர் தாகத்தில் கிடந்தது.

தோண்டினால் உப்பு. மழை வடகிழக்குப் பருவத்தில் மட்டும், அதுவும் குறைவு. வெயிலும் காற்றும் வறண்ட நிலமும் உப்பளத்துக்குச் சொர்க்கம். இன்றும் இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் இந்தக் கரைக்குத்தான். ஆனால் அளத்தில் நாள் முழுக்க உப்பு வாரிய பெண் வீடு திரும்பினால் கால் கழுவக்கூட நல்ல தண்ணீர் இருக்காது. மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். கடற்கரை ஊர்களில் இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

1876-இல் ரயில் வந்தது. பஞ்சு அழுத்தும் ஆலைகளும் நூற்பாலையும் வந்தன. கொழும்புக்குக் கப்பல் ஏறும் வாசல் இதுதான் என்பதால், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஏழைத் தமிழர்களில் பெருந்தொகையினர் இந்த ஊரைக் கடந்துதான் போனார்கள். அவர்களை நிறுத்திச் சோதிக்கப் பக்கத்துத் தட்டப்பாறையில் முகாமே இருந்தது. முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். பக்கத்திலேயே சிப்பிகள் குவியல் குவியலாக அழுகும். 1901 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 28,048. வந்து போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இத்தனை பேருக்கும் அந்த ஊற்றுகளும் கிணறுகளும்தான். காலரா எப்போது வேண்டுமானாலும் வரும் என்று பயந்தே ஊர் வாழ்ந்தது.

1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், காலரா ஒரு தெருக் குழாய்த் தண்ணீரிலிருந்து பரவுவதைக் காட்டினார். 1870-களில் பர்மிங்காம் மேயர் ஜோசப் சேம்பர்லின், தனியார் கையிலிருந்த தண்ணீர்க் கம்பெனியை நகராட்சிக்கே வாங்கிக்கொண்டார். சுத்தமான தண்ணீரைக் கொடுப்பது நகராட்சியின் கடமை என்ற எண்ணம் அப்படித்தான் உலகில் வேர்விட்டது. மதராஸ் நகருக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-இல் வந்துவிட்டது. தூத்துக்குடியில் 1866 முதல் நகராட்சி இருந்தது. 1884 நகராட்சிச் சட்டத்துக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள். குடம் மட்டும் நிறையவில்லை.

1869 நவம்பர் 15-இல் தூத்துக்குடியில் பரதவர் குலத்தில் பிறந்தவர் குரூஸ் பர்னாந்து. 1909-க்கும் 1927-க்கும் இடையில் ஐந்து முறை நகராட்சித் தலைவர். அரசு அவருக்கு ராவ் பகதூர் பட்டம் கொடுத்தது. வ.உ.சி. நடந்த பாதையில் அவர் நடந்தவரல்லர். அரசோடு பேசி, மனு எழுதி, மானியம் கேட்டுக் காரியம் சாதிக்கிறவர். இந்தக் காரணத்தாலேயே நம் வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. எனக்கு அது வருத்தம். கப்பல் விட்டவரைக் கொண்டாடும் கையாலேயே குழாய் பதித்தவரையும் கொண்டாட நமக்கு ஏன் மனம் வரவில்லை?

பஞ்ச காலங்களில் ரயிலிலும், கடல் கடந்து இலங்கையிலிருந்து கப்பலிலும் அவர் தண்ணீர் வரவழைத்தார் என்பதை ஊர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. அது அன்றாடத்துக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஆறு நம்மிடம் வராது, நாம்தான் ஆற்றிடம் போக வேண்டும். மேற்கே, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளி, வல்லநாட்டில் தாமிரபரணி ஓடுகிறது. அங்கே தண்ணீரை இறைத்து, குழாய் வழியாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுவருவது. திட்டம் ஒரு வரியில் அடங்கிவிடும். நிறைவேற்ற ஒரு மனிதரின் பொதுவாழ்வு முழுவதும் தேவைப்பட்டது.

ஏன் அவ்வளவு காலம்? அந்நாளில் ஒரு சிறு நகராட்சியின் வருமானம் வீட்டு வரி, சுங்கம், சந்தைக் குத்தகை என்ற அளவில்தான். நீளமான இரும்புக் குழாய்த் தொடருக்கு அது எம்மாத்திரம்? மாகாண அரசு மானியமும் கடனும் கொடுத்தாக வேண்டும். சுகாதாரப் பொறியாளர்கள் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டுவோம் என்று மன்றம் உறுதி சொல்ல வேண்டும். அப்படியென்றால் தண்ணீர் வரி போட வேண்டும். தண்ணீர் வருமுன்னே வரி என்றால் எந்த ஊர் சும்மா இருக்கும்? நடுவில் நான்கு ஆண்டுகள் உலகப் போர் வேறு. ஒவ்வொரு தேர்தலிலும் நின்று, ஒவ்வொரு முறையும் அதே கோரிக்கையை மன்றத்தின் முன் வைத்து, 1927-இல் வல்லநாட்டுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார். மூன்றே ஆண்டுகளில், 1930-இல், காலமானார்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. நகராட்சித் தேர்தலில் அன்று சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. ஊற்றடியில் காத்துக்கிடந்த பெண்களில் பெரும்பாலோருக்கும், உப்பளத் தொழிலாளிக்கும், தோணியில் மூட்டை ஏற்றியவருக்கும் மன்றத்தில் குரல் இல்லை. கிணறுகளோ சாதிக்கு ஒன்றாக இருந்த காலம். குழாய் வருவதற்கு மூன்றாண்டு முன்னர்தான், 1924-இல், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் ரெட்டமலை சீனிவாசன் மதராஸ் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. வல்லநாட்டுக் குழாயை அந்தத் தீர்மானத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். வரிப்பணத்தில் வரும் தண்ணீர் எந்தத் தெருவின் சொத்தும் ஆகாது என்று உரிமை பேச, இரண்டும் சேர்ந்தே இடம் கொடுத்தன. பேசியவுடன் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் போய்விடவில்லை.

இன்றும் போய்விடவில்லை. 1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, ரசாயன ஆலைகள் வந்தன. அவற்றுக்கும் தாமிரபரணித் தண்ணீர்தான். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தொழிற்சாலைகளுக்கு எடுத்த தண்ணீருக்காக விவசாயிகள் நடத்திய போராட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2008 ஆகஸ்ட் 5-இல் நகராட்சி மாநகராட்சியானது. பிறகு மீளவிட்டான், சங்கரப்பேரி, அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் எனச் சுற்றுப்புற ஊராட்சிகளும் சேர்ந்தன. கலியாவூரிலிருந்து நான்காவது குடிநீர்க் குழாய் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டிகள் இந்த ஊர்த் தெருக்களை விட்டுப் போகவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், குடிக்கவோ தண்ணீர் இல்லை.

குரூஸ் பர்னாந்துக்கு ஊரின் நடுவே சிலை இருக்கிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு மணிமண்டபமும் திறந்தது. மகிழ்ச்சி. ஆனால் அவர் பதினெட்டு ஆண்டுகள் போராடிய களம் மன்றம்தானே? அந்த மன்றம் நம் காலத்தில் என்ன ஆனது? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே இல்லை. 2017 ஜூனில் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. எந்தச் சாலை, எந்த ஓடை, எந்தப் பூங்கா என்று முடிவெடுத்த அந்த ஆண்டுகளில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை, அதிகாரிகளே எல்லாம். 2018 மே 22-இல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களை இழந்த நாளிலும் இந்த நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. மன்றம் இருந்திருந்தால் அந்தச் சாவுகள் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஊர் தன் வலியைப் போய்ச் சொல்லும் இடங்களில் ஒன்று பூட்டிக் கிடந்தது என்று சொல்கிறேன். 1909-இல் அடிமை நாட்டில் இருந்த ஒன்று 2018-இல் இல்லாமல் போனது.

இன்று 60 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். கிராமசபை போல நகரங்களிலும் பகுதி சபை கூட வேண்டும் என்ற விதி 2022-இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்களும் நடந்தன. தூத்துக்குடி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதி சபைக்குப் போங்கள். உங்கள் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். சபை கூட்டவில்லை என்றால், ஏன் கூட்டவில்லை என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

(தொடரும்)