'எஸ்டேட்' என்றால் தோட்டம் மட்டும்தானா?

கிள்ளான் பக்கம் 'எஸ்டேட்' என்றதும் பால்மரமும் லயமும்தான் நினைவுக்கு வரும். பிரிக்பீல்ட்ஸில் வீடு விற்பவர் சொல்லும் 'ரியல் எஸ்டேட்' நிலத்தையும் கட்டடத்தையும் குறிக்கும். இந்த இரண்டிலும் யாருக்கும் சிக்கல் இல்லை.

குழப்பம் ஒருவர் காலமான பிறகுதான். வங்கியோ வழக்கறிஞரோ அனுப்பும் கடிதத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'எஸ்டேட் ஆஃப்' என்றிருக்கும். அது அவர் வேலை செய்த தோட்டமல்ல. விட்டுச்சென்ற வீடு, நிலம், வங்கிச் சேமிப்பு எல்லாம் சேர்ந்தது. அவர் பட்ட கடனும் முதலில் அதிலிருந்துதான் அடைபட வேண்டும். மலாய்மொழியில் இந்தத் தொல்லை இல்லை: தோட்டம் 'லாடாங்', இது 'ஹர்தா புசாக்கா'.

'ஸ்மால் எஸ்டேட்' என்பதும் சிறுதோட்டமல்ல. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறு புசாக்கா. 2024 வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. உயர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. நிலம் இருக்கும் மாவட்டத்துக்குரிய புசாக்கா பிரிவில் 'போராங் ஏ' பாரத்தைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம்.

"எங்களுக்கு ஏதய்யா எஸ்டேட்?" என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டால் வீடு இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. எல்லாம் தானாக மனைவிக்கு வந்துவிடும் என்பதும் தவறு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு. பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால் பங்குதான்.